உடையாத கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து பிறந்தது. விரிசல் விட்ட சுவர் இன்னும் நகர்கிறதா என்று அறிய, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடி ஒன்றை ஒட்டிவிடுவார்களாம். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. விரிசல் மயிரிழை அகன்றாலும் பட்டென்று உடைந்துவிடும். சுவர் தன்னைப் பற்றித் தானே செய்தி தருகிறது! கேள்விப்பட்ட நாள் முழுக்க, பார்த்தவரிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் கதையில் விரிசல் அகல்கிறது, கண்ணாடி உடையவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

2

முதல் முயற்சி: "செய்திகளை யாரும் நம்பாத இக்காலத்தில் நாம் அனைவரும்—"

வேண்டாம், கொட்டாவி வருகிறது. (கோடடித்த வரியை நீக்கவில்லை. நீங்களும் பாருங்கள்.)

மறுபடி: அக்கா ஒரு செய்தித்தளத்தில் உதவி ஆசிரியர். தம்பி பள்ளி வேன் ஓட்டுகிறான். தினமும் பிள்ளைகளோடு பாலத்தைக் கடக்கிறான். அந்தப் பாலத்தின் தூணில் விரிசல் அகல்கிறது என்று, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களோடு அக்கா செய்தி போட்டாள். கீழே கருத்துகள் குவிந்தன. "ரெண்டும் எடிட் பண்ணது." "யாரு சொல்லி எழுதுறீங்க?" ஒருவர் பாலத்தடிக்கே போய்ப் படமெடுத்துப் போட்டார். விரிசல்மேல் அதிகாரிகள் முன்பே ஒட்டியிருந்த கண்ணாடி உடையாமல் முழுசாக இருந்தது.

அந்தப் படமும் உண்மைதான். அதுதான் அக்காவைக் குடைந்தது.

3

தம்பி போனில் சிரித்தான்.

"கண்ணாடி கல்லு மாதிரி நிக்குது. உங்க ஆபீஸ்ல வேற வேலையே இல்லையாக்கா?"

"டேய், நான் போட்ட படத்தைப் பாருடா."

"அவர் போட்டதும் படம்தானே? உன்னுதை மட்டும் ஏன் நம்பணும்?"

"நான் உன் அக்காடா!"

"அதனாலதான் பேசிட்டிருக்கேன். வேற ஆளுன்னா பிளாக் பண்ணியிருப்பேன்."

(இங்கே அக்காவை அழவைத்துப் பார்த்தேன். அழ மறுத்துவிட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டாள்.)

"கிளம்பி வா. நேர்லயே பாத்துடலாம்."

4

பாலத்தடியில் தம்பி கண்ணாடியை நகத்தால் தட்டினான். ஒரு முனை ஆடியது. சிரிப்பு நின்றது.

"அக்கா... இது பெயிண்ட்டோட சேந்து வருது."

தூணுக்கு வண்ணம் பூசியபின் அதன்மேல் கண்ணாடியை ஒட்டியிருக்கிறார்கள். விரிசல் அகன்றபோது ஒரு பக்கத்து வண்ணம் தோலாக உரிந்து கண்ணாடியோடு நின்றுவிட்டது. தூண் மட்டும் விலகியிருந்தது. கண்ணாடியும் தூணும் ஒருபோதும் தொட்டுக்கொண்டதே இல்லை!

(இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். என் கேள்விக்கு இவன் நகம் பதில் சொல்லிவிட்டது.)

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தலைக்குமேல் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"நாளைலேருந்து சுத்து வழிதான்," என்றான். "லேட்டாகும், பசங்க கத்துவாங்க. கத்தட்டும். நீ எழுது."

அக்கா செய்தியைத் திருத்தி எழுதினாள். எந்தத் தூண், எங்கே நிற்க வேண்டும், எதை உற்றுப் பார்க்க வேண்டும். கடைசி வரி: "நாங்கள் சொல்வதற்காக நம்பாதீர்கள், வந்து பாருங்கள்."

5

எத்தனை பேர் வந்தார்கள்? "உடனே அதிகாரிகள் விரைந்து வந்து பாலத்தை—" என்று தொடங்கினேன். நானே நம்பவில்லை. அந்த முடிவு உங்களுடையது.

பாலம் என் கற்பனை. கண்ணாடியைச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தால், முதலில் வண்ணத்தைச் சுரண்டுங்கள், சிமெண்டுப் பூச்சையும் எடுங்கள். வெறும் சுவர் தெரிந்தபின், விரிசலின் இரு பக்கமும் பிடிக்கும்படி மெல்லிய கண்ணாடியை ஒட்டுங்கள். அது உடைந்தால், சுவர் நகர்கிறது.