கொதிகலன் காப்போன் மனையாள்

மேற்றிசை செந்நிறம் இழந்து சாம்பல் பூத்த அந்திப் பொழுதில், புகைபோக்கிகள் இலையுதிர்ந்த நெடுமரங்களென நிற்கும் ஆலைத் தெருவின் வீடுகள், மழையில் நனைந்த பறவைகள் ஒன்றையொன்று ஒட்டி ஒடுங்கினாற்போலச் சுவரோடு சுவர் சாய்ந்து, கரி படிந்த பலகணிகளூடே மங்கிய ஒளியைச் சிந்திக்கொண்டிருந்தன. அவற்றுள் கடைக்கோடி வீட்டில், காய்ச்சலுற்ற மகளை மடியிற் கிடத்தி நெற்றியில் ஈரத்துணி மாற்றியவாறிருந்தாள், கற்றறிந்தோரே, கொதிகலன் காப்போனின் மனையாள்.

ஆலையின் கொதிகலன் வெடித்து உடன்வேலை செய்த தோழன் மாண்டபோது, அது பழுதுற்றமையைத் தாமிருவரும் முன்னரே முறையிட்டதாக, விபத்தை ஆராய வந்த அலுவலர்முன் உள்ளதை உள்ளவாறே உரைத்தமையால் வேலையிழந்தவன் அவள் கணவன். அன்றுதொட்டு அவன் எவ்வாயிலை அணுகினும், அவனுக்கு முன்னரே அவன் பெயர் சென்று கதவடைத்தது. உழுதும் விளையா நிலம்போல் முகம் வறண்டு, பேச்சும் குறைந்தான். “எல்லாம் சரியாயிடும்ங்க” என்று நாடோறும் அவள் தேற்றினும், அச்சொல் தன் செவிக்கே வெறுமையாய் ஒலித்தது.

அவ்வந்தியில் ஆலை மேற்பார்வையாளர் வந்தார். இருக்கை தந்தும் அமராராய், முனகும் சிறுமியை ஒருகண் பார்த்துத் தேன் தடவிய குரலில் அவள் கணவனிடம் மொழிந்தார்:

“செத்தவன் அன்னைக்குக் குடிச்சிட்டு வந்திருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. நாளைக்கே வேலைக்கு வந்துடலாம். பிள்ளைக்கும் நல்ல வைத்தியம் பாக்கலாம். போனவனுக்கு இனி என்ன ஆகப்போகுது?”

கணவன் மகளை நோக்கினான். பின் மனைவியை நோக்கினான். ‘சொல்லிவிடுங்கள்’ என்னும் சொல் அவள் நாநுனிவரை வந்து நின்றது. அதனை மறைத்தல் தகாது. பெற்ற வயிறு வேறென்ன கேட்கும்? ஆயினும் அப்பொய் நிலைத்தால், இறந்தோன் மனைவி மக்கள் இழப்பீடின்றித் தெருவில் நிற்பரென்பதை எண்ணி, அவள் நெஞ்சு நீரிற் பட்ட கொள்ளியெனச் சீறி அடங்கியது.

“வேணாங்க. அவ இதே தெருவுலதான இருக்கா? நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிப்போம்? நான் நாலு வீட்ல பாத்திரம் தேச்சாவது பாத்துக்கிறேன்.”

கணவன் எழுந்தான். “அவன் குடியைத் தொட்டதே இல்லைங்கய்யா. நீங்க கெளம்புங்க.”

அறம் உடனே பயன் தந்தது என்றுரைத்தல் பொய்யாகும். காய்ச்சல் தணிந்தது, ஆயின் மகளின் ஒரு செவி கேளாதாயிற்று. அவன் சந்தையில் மூட்டை சுமந்தான். அவள் மருத்துவமனைத் துணிகளை வெளுத்துக் கைவெடித்தாள். விபத்து குறித்த அலுவலரின் உசாவலோ முடிவின்றி நீண்டது. அழைக்குந்தோறும் அவன் சென்று அதே உண்மையை உரைத்து மீண்டான்.

“இன்னைக்காவது கேட்டாங்களா?” என்பாள்.

“கேக்கல. அடுத்த தடவ கேப்பாங்க” என்பான், பின்னர் இருவரும் உள்ளதைப் பகிர்ந்துண்பர்.

நன்மை வாராத நாளிலும் அதற்குத் தக்காராய் வாழும் உரத்தையே நம்பிக்கையென்று முன்னோர் பெயரிட்டனர் போலும்.