நிறுத்தி வைத்த சம்பங்கி

கோகிலாம்பாளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கூறைச்சேலை சுற்றிக் கிடத்தியாயிற்று. இனித் தலைக்குப் பூ வேண்டும் என்றார்கள் பெண்கள். சுமங்கலியாகப் போகிறவள் தலை வெறுமையாக இருக்கலாகாது. மார்கழியில் பந்தல்குடியில் பூவுக்கு எங்கே போக? அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் வந்தால்தான் உண்டு. அடுத்த வீட்டு ராக்கம்மாள் சங்கரபாண்டியனிடம் வந்து, "பொறவாசல்ல சம்பங்கி நின்னுச்சே அண்ணாச்சி, என்னாச்சு?" என்று கேட்டாள்.

"பட்டுப்போச்சு" என்றார் அவர்.

பெண்டாட்டி செத்துக் கிடக்கும்போதும் கூசாமல் பொய் வருகிறது மனுஷனுக்கு. பட்டுப்போகவில்லை. அவர்தான் பிடுங்கிப் போட்டார்.

பக்கத்தில் குடியிருந்த டீச்சரம்மா மாற்றலாகிப் போகும்போது கொடுத்த கிழங்குகள் அவை. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றியே கோகிலா வளர்த்தாள். அறுபத்தொன்பதாம் வருஷ மார்கழியில் முழ உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூத்தது. அவள் அதைத் தொடுக்கவில்லை. தண்டோடு வெட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினாள். தலையில் வைத்தால் தன் கண்ணுக்குத் தெரியாதாம், இப்படி வைத்தால் வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்களாம். வீட்டில் வைத்திருந்தால் வம்பில்லை. முன்பக்கத்துப் பலசரக்குக் கடையில், டவுன் ஸ்டூடியோவில் எடுத்து மாட்டியிருந்த புருஷன் போட்டோவுக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தாள். அந்த இடத்தில்தான் வெளிச்சம் நன்றாக விழும்.

அன்றைக்கு லாரி டிரைவர் தவசி பீடி வாங்க வந்தான். போட்டோவைப் பார்த்தான், பூவைப் பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எப்பம்மா தவறுனாக? தங்கமான மனுசன்" என்று கோகிலாவிடம் தழுதழுத்தான். அந்நேரம் பார்த்து உள்ளேயிருந்து புளி மூட்டையோடு வந்தார் தங்கமான மனுசன்.

தூத்துக்குடி ரோடே சிரித்தது. கடைக்குச் 'செத்தவர் கடை' என்று பெயர் விழுந்தது, பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும். மறுநாள் அவள் தண்ணீருக்குப் போயிருந்தபோது ஒரு கிழங்கு விடாமல் பிடுங்கிச் சுவருக்கு அந்தப்பக்கம் குப்பையில் எறிந்தார். அவள் வந்து குடத்தை இறக்கினாள். வெறும் மண்ணைப் பார்த்தாள். உள்ளே போய் உலை வைத்தாள். அதன்பிறகு இந்த இரண்டு வருஷத்தில் பூ என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவரும் நல்லதாய்ப் போயிற்று என்றிருந்தார்.

பரளச்சியிலிருந்து கொழுந்தியாள் பொன்னுத்தாய் வந்து சேர்ந்தாள். அக்காள் காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தபின், ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்தாள். தண்டு தண்டாகச் சம்பங்கி.

"அக்கா குடுத்த கெழங்கு மச்சான்" என்றாள். "இங்க உப்புத்தண்ணிக்கு அழுகிப்போச்சு, தப்பினத நீ வச்சுக்கோன்னு கொண்டாந்து குடுத்துச்சு. அழுகுனதுல ஒம் மச்சானுக்குத்தான் ரொம்ப மனக்கஷ்டம், அவுக முன்னால பூப்பேச்சு எடுக்காதன்னும் சொல்லிச்சு."

அவர் செத்தவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். கூடப் பிறந்தவளிடம்கூட அவரை விட்டுக்கொடுக்கவில்லை. குப்பையில் குனிந்து ஒவ்வொரு கிழங்காகப் பொறுக்கியிருக்கிறாள். இல்லை, நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லிவிட வாயைத் திறந்தார். அவ்வளவு பேருக்கு நடுவில் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கம்தான் முந்திக்கொண்டு நிற்கிறது என்பது அதைவிட வெட்கமாக இருந்தது.

ராக்கம்மாள் தொடுப்பதற்காகப் பூவை உருவத் தொடங்கினாள்.

"உருவாதீக" என்றார். "அவ அப்பிடி வைக்க மாட்டா."

தானே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, தலைமாட்டில் வைத்துத் தண்டுகளை நிறுத்தினார். கனம் தாங்காமல் செம்பு சாய்ந்து தரையெல்லாம் தண்ணீர். மறுபடி நிறுத்தினார், மறுபடி சாய்ந்தது.

"அடியில சரளக்கல்லு போடணும் மச்சான். அக்கா அப்பிடித்தான் செய்யும். நீங்க பாத்ததில்லையா?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

அவர் பார்த்ததில்லை.

வாசலுக்கு வந்தார். பாடை கட்டுகிறவர்களும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் எழுந்தார்கள். அவர்களுக்குள் தவசியும் நின்றான். ரோடு வேலைக்குக் கொட்டியிருந்த சரளைக் குவியலின் முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி தேடுறீக?" என்று தவசி பக்கத்தில் வந்தான்.

"கல்லு. பூவ நிப்பாட்டணும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொடிக்கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, வேட்டியில் துடைத்து மடியில் போட்டுக்கொண்டார். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். இன்னும் நாலு கல் வேண்டும் போலிருந்தது.