சத்தம் போடாத லாம்பிரெட்டா

பதினொரு மணிக்கு ஊர்வலம் கிளம்பும். அதற்குள் அப்பா வந்துவிடுவார். பெட்ரா ஸ்கூட்டரின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தாள்.

பிரைட்டன் கடற்கரைச் சாலை முழுக்க ஸ்கூட்டர்கள். ஆகஸ்டின் கடைசி ஞாயிறு, மோட்கள் என்கிற ஸ்கூட்டர் பித்தர்கள் கூடுகிற நாள். கச்சிதமாகத் தைத்த சூட்டும், வண்டிக்குப் பத்துப் பதினைந்து கண்ணாடிகளுமாகப் பதினேழு வயதில் தொடங்கிய மோகம், அறுபது தாண்டியும் இவர்களை விட்டபாடில்லை. நீலப்புகை கடற்காற்றோடு கலந்து தொண்டையைக் கமறவைத்தது.

அவள் பிடித்திருந்தது அப்பா டெஸ்மண்டின் லாம்பிரெட்டா. அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இன்னும் அப்படியே இருந்தது. இந்தக் கூட்டத்தில் அதற்குத் தனி மரியாதை.

இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு அப்பாவால் கிக்கரை உதைக்க முடியவில்லை. பட்டனை அழுத்திக் கிளப்புகிற வண்டியைத் தொடமாட்டேன் என்றார். இன்னொருத்தன் முதுகைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றார். இரண்டு ஆகஸ்ட் ஜன்னலோரமாகவே கழிந்தது. ஊர்வல நாளன்று மட்டும் சூட்டைத் தேய்த்து மாட்டிவைத்தார், போட்டுக்கொள்ளத்தான் இல்லை. அம்மா ரோஸலிண்ட் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை பெட்ரா பார்த்தாள்.

ஒயரிங் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி வண்டியை எடுத்துப்போனாள். எஞ்சினை இறக்கிவிட்டு பேட்டரியும் மோட்டாரும் பொருத்தினாள். இருந்த ஓட்டைகளிலேயே எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள், ஒன்றைத் தவிர. கேபிளுக்கு வழியில்லாமல், கால் வைக்கும் தகட்டில் ஒரே ஒரு இடத்தில் டிரில் போட்டிருந்தாள். அதை இப்போது ரப்பர் விரிப்பு மூடியிருந்தது.

"என்ன பொண்ணே, சைலன்சரைக் காணோம்?" கிளப் செயலாளர் லெஸ்லி குனிந்து பார்த்தார்.

"தேவையில்ல மாமா. கரண்டு வண்டி."

"அடப்பாவி! டெஸ்ஸோட வண்டிய பல் தேய்க்கிற மிஷின் ஆக்கிட்டியா?" சுற்றிலும் சிரித்தார்கள். லெஸ்லி சிரிக்கவில்லை. "புகை இல்லாத வண்டிக்கு முன்வரிசை கிடையாது. உங்கப்பன் செயலாளரா இருந்தப்ப எழுதின விதிதான்."

பஸ்ஸிலிருந்து அம்மா முதலில் இறங்கினாள். பின்னால் கைத்தடியோடு அப்பா. அம்மா வற்புறுத்தியதால் சூட்டைப் போட்டிருந்தார். கடைசிப் பட்டனை வழக்கம்போலத் திறந்துவிட்டிருந்தார். வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கிட்டே வந்ததும் கிக்கர் இருக்க வேண்டிய இடத்தில் பார்வை நின்றது.

"எஞ்சின் எங்க?"

"என் கட்டிலுக்கடியில. போர்வை சுத்தி வச்சிருக்கேன். எப்ப வேணும்னாலும் திரும்ப மாட்டிடலாம்ப்பா."

அவர் தடியை அம்மாவிடம் கொடுத்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தடவினார். அடுத்து கை ரப்பர் விரிப்பை நோக்கிப் போனது.

இப்போதே சொல்லிவிடலாமா? வாய் திறப்பதற்குள் விரிப்பு எழும்பிவிட்டது.

"இது?"

"நான்தான்ப்பா."

"அறுபது வருஷம் யாரும் டிரில் வைக்காத தகடு."

"தெரியும்."

"தெரிஞ்சேவா வச்ச?"

"ஆமா. நீங்க இன்னொரு வருஷம் அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியாது. தகடா நீங்களான்னு வந்துச்சு. போட்டுட்டேன்."

லெஸ்லி இடையில் புகுந்தார். "மனச விட்றாத டெஸ். நாளைக்கே பழைய எஞ்சினை ஏத்திடலாம்."

"ஏத்தினா யாரு உதைக்கறது? நீயா வந்து காலைல காலைல உதைப்ப?"

"இருந்தாலும் மோட்னா ஒரு..."

"எழுபத்தொன்பதுல இதே எடத்துல அறுபதுகள்லயே மோடா இருந்த பழைய ஆளுங்க என்னைப் பாத்து, வேஷம் கட்டிட்டு வந்திருக்கான் பாருன்னாங்க. புதுசா வர்றத மொதல்ல எடுத்துப் போட்டுக்கறவன்தான் மோட்னு திருப்பிக் குடுத்தேன். வாய்க்கொழுப்பு."

"அப்ப அந்த விதிய எவன் எழுதினான்?"

"நான்தான். நடுவுல கெழவனாயிட்டேன்." அப்பா வண்டியின் மேல் காலைத் தூக்கிப் போட முயன்றார். முதல் முறை முடியவில்லை. பெட்ரா தாங்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டாவது முறை உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் வலது கால் தானாகக் கிக்கரைத் தேடி, காற்றை உதைத்தது. யாரும் சிரிக்கவில்லை. காலை மெல்லத் தகட்டில் வைத்து, கைப்பிடியைக் கொஞ்சம் திருகினார். வண்டி முனகக்கூட இல்லாமல் ஒரு முழம் நகர்ந்தது. "அடியே!" என்றார் திடுக்கிட்டு.

"விதி விதிதான், லெஸ்லி. நான் கடைசில வர்றேன். உங்க எல்லார் புகையும் எனக்குத்தான்."

முன்னால் நூறு எஞ்சின்கள் ஒன்றாக உறுமின. அப்பா திரும்பாமலே பின் சீட்டைத் தட்டினார்.

"ஏறு. அந்த ஓட்டையப் பத்தி வீட்ல பேசிக்கலாம்."