மடியில் ஒரு கருவாட்டுப் பை

ஹெல்சிங்கி விமான நிலையத்தில் அத்தனை பேர் நடந்துகொண்டிருந்தும் ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. யாரோ பெரிய மனிதர் இறந்துவிட்டார் போல என்றுதான் ஜெமிமா முதலில் நினைத்தாள். கல்யாணமான பத்தாம் நாள் விமானம் ஏறிப்போன சுஜினை நாலு மாதம் கழித்துக் கண்டதும், "ஏங்க!" என்று வாய்நிறையக் கூப்பிட்டாள். அவன் ஓடி வந்து, "மெதுவா பேசு ஜெமி" என்றான். அதுதான் வரவேற்பு.

பெண் பார்க்க வந்த அன்று பாளையங்கோட்டையில், வாசலில் கூட்டாளிகளோடு நின்று இவன் சிரித்த சிரிப்பு, உள்ளறையில் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தவளுக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் சம்மதம் சொன்னாள். இங்கே வந்ததும் அதை எங்கே கழற்றி வைத்தானோ, போனில்கூட "சாப்பிட்டியா, ஓகே, குட்நைட்" தான். அதனாலேயே அவள் டீச்சர் வேலையை விடவில்லை. மூன்று மாத லீவு மட்டும் போட்டிருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

ரயிலில் ஊருக்குள் வந்து டிராமுக்கு நின்றார்கள். ஊரெங்கும் வெள்ளையடித்ததுபோல் பனி. நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி.

"ஏங்க, இவங்க யாருக்கும் யாரோடயும் பேச்சுவார்த்தை இல்லையா?"

"இங்க இப்படித்தான் இருப்பாங்க."

டிராமில் நல்ல கூட்டம். சுஜின் இரண்டு பெட்டிகளையும் காலால் முட்டுக்கொடுத்து, முதுகுப்பையோடு நின்றான். ஜெமிமா ஒரு கையில் கம்பியும் மறுகையில் பையுமாகத் தடுமாறினாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பாளையங்கோட்டைக்கும் ஜங்ஷனுக்கும் டவுன் பஸ்ஸில் அலைந்த கை அது. யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த தாடிக்காரப் பெரியவரின் மடியில் பையை வைத்துவிட்டது.

அவர் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, பிறந்த பிள்ளையை வாங்கியவர்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"ஜெமி, என்ன பண்ற? இங்க யாரும் அப்படிக் குடுக்க மாட்டாங்க. எடு!"

"கெடக்கட்டும். நல்லாத்தான புடிச்சிருக்காரு."

சுஜின் முகம் சிவக்க அவரிடம் மன்னிப்புக் கேட்டான். பெரியவர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னார்: "பரவாயில்லை. நான் இறங்க வேண்டிய இடம்தான் போய்விட்டது."

"ஐயையோ! பின்ன ஏன் எறங்கலன்னு கேளுங்க."

கேட்டான். அவர் குனிந்து பையைக் காட்டினார். "இது இருந்ததே."

பிறகு மூக்கை லேசாகச் சுளித்து, "மீனா?" என்றார்.

ஜெமிமாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அத்தை ஐந்து கவர் போட்டுக் கட்டியும் வாசனை அடங்கவில்லை. "நெத்திலி" என்றாள். அவர் கண்ணை மூடி நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். "நல்ல மீன்."

அவ்வளவுதான். சுஜினிடமிருந்து அந்தச் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. டிராமே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, கருவாட்டயா அந்த மனுசன் மடியில வச்ச? எங்கம்மா வேலையா இது?"

"அத்ததான். நீங்க கருவாடு இல்லாம மெலிஞ்சிட்டியளாம். இம்புட்டு சத்தம் போடாதீய, எல்லாரும் பாக்காவ."

"பாத்தா பாக்கட்டும்!" அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

லீவு விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சிரித்து முடிக்கட்டும்.

"நம்ம எங்க எறங்கணும்?"

"அது அப்பவே போயாச்சி."

பெரியவர் பையை ஒரு தொடைக்கு நகர்த்தி, மறுதொடையைத் தட்டி, சுஜினின் முதுகுப்பையைக் காட்டினார். சுஜின் ஒருமுறை சுற்றிலும் பார்த்தான். மெல்ல ஒரு தோளிலிருந்து வாரை இறக்கினான். அப்புறம் மற்றதையும்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் இரண்டு பைகளோடு பெரியவர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், ஜங்ஷனுக்கு டிக்கெட் எடுத்தவர்போல.