பழுத்து விழுந்த கடுக்காய்

செத்துப்போன கணவனின் பங்காக வந்த முக்கால் ஏக்கர் கல்லுக்காட்டில் கடுக்காய் மரம் வைத்தே தீருவது என்று மாதனூர் பூங்குழலி முடிவு செய்திருந்தாள். வேர் பிடித்துவிட்டால் வறண்ட பூமியிலும் நிற்கும் மரம் அது. கொழுந்தன் வேலாயுதத்துக்கோ அங்கே தைலமரம் நடவேண்டும்.

"ஆடிப் பதினெட்டுக்குள்ள உன் கன்னு எந்திரிச்சா உன் இஷ்டம் அண்ணி. இல்லாங்காட்டி டிராக்டர் வுட்ருவேன்."

தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்குக் கடுக்காய் என்றால் கிடங்கு மூட்டைதான். தோல் ஷாப்பில் கிடங்கு பார்க்கும் வாஹித் பாஷாவிடம் ஒரு பை வாங்கி, மார்கழியில் இருநூறு கொட்டை ஊன்றினாள். மாசி பிறந்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஒன்றைத் தோண்டி உடைத்தாள். உள்ளே பருப்பு சுருங்கிக் கிடந்தது.

"இன்னா பாய் குடுத்தீங்க?"

"தோல் பதப்படுத்தத் துவர்ப்பு ஜாஸ்தி வேணும்னு பச்சையிலயே பறிச்சிக் காயவெச்ச சரக்கும்மா. அது எப்டி மொளைக்கும்?"

"அன்னிக்கே சொல்றதுதானே?"

"ஒரு பை கேட்டியே, வூட்ல எல்லாருக்கும் வயித்து வலின்னு நெனச்சேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலைக்குப் பஸ் ஏறினாள். மரத்தடியில் மஞ்சளாகப் பழுத்து விழுந்ததை மட்டும் பொறுக்கினாள். சதையை உரித்து, கல் போன்ற கொட்டையின் அகன்ற முனையைக் குறட்டால் கிள்ளினாள். ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தோலின் ஓரம் சீவிய கை அது. பருப்பில் படாமல் நிறுத்தத் தெரியும். ஒன்றரை நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, நூற்றைம்பது நாற்றுப் பைகளில் ஊன்றினாள். சித்திரைக் கடைசியில் முதல் முளை வந்தது. ஆடி பிறந்தபோது ஐம்பத்திரண்டு கன்றுகள் சாண் உயரம் நின்றன.

ஆடிப் பதினெட்டன்று வேலாயுதம் டிராக்டரோடு வந்தான். நிலத்தின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரை குழிகள். இரண்டு நாள் லீவு போட்டுத் தோண்டியிருந்தாள்.

"அம்பத்திரண்டு கன்னு முக்கால் ஏக்கருக்கு எந்த மூலைக்கு அண்ணி? மீதி எடத்துல தைலம் போட்றேன்."

"மீதி ஏது? இருபத்தஞ்சு அடிக்கு ஒண்ணு. அளந்துட்டேன், எடம் தீந்துபோச்சு."

"காய்க்கப் பத்து வருசம் ஆவும்."

"ஆவட்டும். எனக்கு அப்போ அம்பத்தாறுதான்."

"கோடைக்குத் தண்ணி?"

"ரெண்டு வருசம் கொடத்துல ஊத்துவேன். அதுக்கப்புறம் அது கேக்காது."

டிராக்டர் திரும்பக்கூட இடமில்லை. வேலாயுதம் பின்னுக்கு எடுத்து வரப்பைத் தாண்டுவதற்குள், அவள் மூன்றாவது குழியில் கன்றை இறக்கி மண் தள்ளிக்கொண்டிருந்தாள்.