கட்டிலை எங்கே போடுவீர்கள்?

பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களின் கட்டில்கள் வீட்டை அடைத்துக்கொண்டதால், விற்பனைக்கு இருந்த அந்த வீட்டின் சொந்தக்காரி மூன்றாம் வருடத்திலிருந்து சமையலறையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். சமையலறையில் கட்டில் போடுவேன் என்று எந்தப் புத்தியுள்ள மனிதரும் சொல்லாததால் அங்கே மட்டும் கொஞ்சம் தரை மிஞ்சியிருந்தது. தெருவுக்கே இந்த விஷயம் தெரியும். தெரிந்து என்ன செய்வது? எதிர்வீட்டில் மாடி ஒழுகிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போயிருந்தார். அவரவர் பாடு அவரவருக்கு.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. டாக்டர் எழுதிக்கொடுத்த பவருக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பாள். தெருவில் கண்ணாடியம்மா என்றால்தான் தெரியும். புருஷன் வாலிப வயதிலிருந்தே மாவு மில்லில் நின்றவர். மில்லை விட்டு வந்த பிறகும் மாவு அவரை விடவில்லை. நெஞ்சுக்குள் போய்ப் படிந்துகொண்டு, படியேறினால் இழுத்தது, பேசினால் இழுத்தது, கடைசியில் சும்மா இருந்தாலும் இழுத்தது. "இந்த ஊர் ஈரக்காத்து இவருக்கு ஆகாதும்மா. உசரமா, காஞ்ச இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றார் டாக்டர். அப்படிப்பட்ட மலையூர் ஒன்றில் புருஷனின் தங்கை இருந்தாள். தன் வீட்டின் பின்னறையையும் அதிலிருந்த இரும்புக் கட்டிலையும் அண்ணனுக்கு ஒழித்துக் கொடுத்தாள். அந்த அறையில் ஒருவர் படுக்கலாம், இன்னொருவர் இருந்தால் நிற்கத்தான் முடியும். ஆகவே இந்த வீட்டை விற்று, அங்கே சின்னதாக ஒன்று வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது என்று முடிவானது. "மூணே மாசம். வித்துட்டு ஓடி வந்துடறேன்," என்று சொல்லித்தான் அவரைப் பஸ் ஏற்றிவிட்டாள். அவருக்கு ஒரு கம்பளி போதும் என்று ஒன்றுதான் எடுத்து வைத்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் வரப்போவது யாருக்கும் தெரிவதில்லை, அது ஒரு நல்ல ஏற்பாடு.

வீட்டைப் பூட்டிவிட்டு அவளும் கூடவே போயிருக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்பது சுலபம். அவள் சம்பளத்தில்தான் மருந்து வாங்கினார்கள். தவிர, புரோக்கர் விடவில்லை. "பூட்டுன வீட்டுக்கு மரியாதை இல்லம்மா. அடுப்பு எரியணும், ஆள் நடமாடணும், அப்பதான் பாக்கறவனுக்கு மனசு வரும்," என்றான் அவன். அவனுக்கு ஊரில் முடிஞ்சமாதிரி என்று பெயர். எந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும் "முடிஞ்ச மாதிரிதான்" என்பான். கெட்டவன் இல்லை. தான் சொல்வதைத் தானே நம்புகிறவன், அவ்வளவுதான் அவனிடம் இருந்த குறை. அவன்தான் அவளுக்கு அந்தத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தான். பார்க்க வருகிறவர்களிடம் விலையைப் பேசக்கூடாது, தண்ணீர் வசதியைப் பேசக்கூடாது. எல்லா அறையும் சுற்றி வந்ததும் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். "கட்டில எங்கங்க போடுவீங்க?" அவர்கள் யோசித்து ஓர் இடத்தைக் காட்டிவிட்டால் மனசு குடிவந்துவிட்டதென்று அர்த்தம், பிறகு காலால் நடந்து வருவதுதான் பாக்கி.

அவன் கணக்கு பாதி சரி. முதலில் வந்தது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும் அவர் மனைவியும். "இதோ, இந்தச் சுவரோரமா. தலைமாடு ஜன்னல் பக்கம்," என்று அந்தப் பெண் கையை நீட்டிக் காட்டினாள், காட்டும்போதே முகம் மலர்ந்தது. பிறகு பேங்க்கில் லோன் இல்லை என்றுவிட்டார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லியனுப்பிய மறுநாள் காலை அந்தச் சுவரோரம் ஒரு தேக்குக் கட்டில் நின்றது, தலைமாடு ஜன்னல் பக்கம், விரிப்பில் இரண்டு பேர் படுத்து எழுந்த பள்ளத்தோடு. கண்ணாடியம்மா முதலில் புரோக்கர் வேலை என்று நினைத்தாள். நாலு ஆள் வைத்துத் தூக்கிப் பார்த்தாள், அசையவில்லை. சரி, இருக்கிறது இருக்கட்டும் என்று படுக்கப் போனால், அது அவளைப் பக்கவாட்டில் மெதுவாகத் தரையில் இறக்கி விட்டது. முரட்டுத்தனமாக அல்ல. பஸ்ஸில் வேறொருவர் முன்பதிவு செய்த சீட்டிலிருந்து கண்டக்டர் எழுப்புவாரே, அந்த மாதிரி.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் மனசார இடம் காட்டினார்கள், எல்லாருக்கும் ஏதோ ஒன்று தட்டிப்போனது. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து வாங்க வந்தார்கள். அண்ணன் கிழக்கே என்றான், தம்பி தெற்கே என்றான். அந்தச் சண்டையிலேயே வியாபாரம் முறிந்தது. அவர்களுடைய கட்டில் அறைக்குக் குறுக்கே கோணலாக வந்து நின்று, அவ்வப்போது கிறீச்சென்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரரும் மனைவியும் கட்டிலுக்கு ஓர் இடம் காட்டிவிட்டு, பக்கத்திலேயே இன்னோர் இடத்தைக் காட்டி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பத்திரத்தில் கண்ணாடியம்மா புருஷனின் பெரியப்பா ஒருவர் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று வக்கீல் சொன்னதும் பின்வாங்கினார்கள். மறுநாள் கட்டிலோடு ஒரு தொட்டிலும் வந்தது. சில மாதத்தில் அது தானாக ஆடத் தொடங்கியது, பிறகு அதிலிருந்து அழுகுரலும் கேட்டது. கண்ணாடியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. வேலையிலிருந்து வந்ததும் காலித் தொட்டிலை ஆட்டிவிட்டுத்தான் மற்ற காரியம் பார்ப்பாள். பசிக்கிறதோ என்னவோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பெரியப்பாவைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க ஒரு வருடம் ஆனது. அவருக்கு இவள் மேல் ஒரு வருத்தமும் இல்லை, பேனாவைப் பிடிக்கத்தான் நேரம் வரவில்லை. அதற்குள் இன்னொரு பார்ட்டி கேட்ட லோனுக்காக வீட்டை அளக்கப் பேங்க் இன்ஜினியர் டேப்போடு வந்தார். "ஹால் பெருசுன்னு போட்டிருக்கு, எனக்கு இதுல நடக்கவே இடம் வரலையே," என்று கட்டில்களுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து, குறைத்து எழுதிவிட்டுப் போனார். எழுதியது குறைந்ததால் லோன் குறைந்தது, லோன் குறைந்ததால் அந்தப் பார்ட்டியும் கழன்றுகொண்டது, அவர்கள் கட்டிலும் வந்து சேர்ந்தது. இப்படிக் கட்டில் வர வர வீடு சுருங்கியது, வீடு சுருங்கச் சுருங்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். சிலர் கட்டிலெல்லாம் சேர்த்தா விலை என்று பேரம் பேசினார்கள். இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்காதே என்று புரோக்கரிடம் சத்தம் போட்டாள். "நாக்குல ஊறிப்போச்சும்மா, என்ன பண்றது," என்று தலையைச் சொறிந்தான். அவன் கேட்காவிட்டாலும் வந்தவர்கள் தாங்களாகவே சொன்னார்கள். வீடு பார்க்கப் போகிறவர்கள் வேறென்ன பேசுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷன் போன் செய்வார். ஆரம்பத்தில் மலையூர்க் குளிர், தங்கையின் சமையல், பின்னறை ஜன்னலில் வந்து உட்காரும் பூனை என்று எல்லாம் பேசிவிட்டு, கடைசியாக, "வீடு என்னாச்சு?" என்பார். போகப் போகப் பூனை போயிற்று, குளிர் போயிற்று. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு நீண்டுகொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் "வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டு இழுத்துக்கொண்டு நிற்பார். "முடிஞ்ச மாதிரிதான்," என்பாள் இவள். புரோக்கரின் வார்த்தை தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு, போனை வைத்ததும் வாயிலேயே அடித்துக்கொள்வாள்.

ஒருமுறை டிப்போவில் கணக்கு எழுதுகிறவர் மனைவியோடு வந்து, எல்லாம் பிடித்திருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்று செருப்பை மாட்டினார். கண்ணாடியம்மா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்துக்கொண்டாள். "யோசிக்கறதா இருந்தா இங்கயே யோசிங்க. என் புருஷன் அங்க மூச்சுக்குத் தவிக்கிறாரு, நீங்க வீட்டுக்குப் போய் யோசிக்கிறேங்கறீங்க! வாங்கறேன்னு சொல்லிட்டுப் போங்க, இல்ல வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க!" அந்த மனிதர் பயந்துபோய் வாங்குகிறேன் என்றார், சத்தியமும் செய்தார். மறுநாள் ஆள் மூலம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அவர்களுடைய கட்டிலுக்குத் தனியாக இடம் இல்லாததால் அது வேன்காரர் கட்டிலின் மேல் ஏறி நின்றது.

கடைசியாகப் புருஷனைப் பார்க்க மலையூருக்குப் போனது ஒரு மழைக்காலத்தில். பின்னறையில் நின்றபடியே அவர் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கால் மெலிந்து குச்சியாகியிருந்தது. வந்து அரை நாள்கூட ஆகவில்லை, புரோக்கர் போன் செய்தான், ரொக்கப் பார்ட்டி, சாயங்காலம் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள் என்று. அவள் போனை அணைத்துவிட்டுத் திரும்பவும் காலைப் பிடித்தாள். அவர்தான் கையை அசைத்து, "போ... போய்... முடி," என்றார். போனாள். பார்ட்டி ரொக்கத்தோடு வந்தார், கட்டிலுக்கு இடம் தேடினார், கிடைக்கவில்லை என்று சிரித்துவிட்டுப் போனார். வீட்டைத் தீ வைத்துக் கொளுத்திவிடலாமா என்று அன்றைக்கு அவள் நிஜமாகவே தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். தொட்டில் அழுதது. தீப்பெட்டியை வைத்துவிட்டுப் போய் ஆட்டினாள்.

அதன் பிறகுதான் காண்ட்ராக்டர் வந்தார். உள்ளே வரவேயில்லை. வாசலில் நின்று மனையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போவதாகச் சொன்னார். கட்டில் பேச்சே எழவில்லை. புரோக்கர் வாயைத் திறக்கப் போனபோது கண்ணாடியம்மா அவன் காலை அழுத்தி மிதித்தாள். விலை படிந்தது, முன்பணம் வந்தது, பதிவுக்கு வியாழக்கிழமை குறித்தார்கள். வீடு புருஷன், பெண்டாட்டி இருவர் பேரிலும் இருந்ததால் அவரும் வந்தாக வேண்டும். கார் பேசி அழைத்து வருவதாக அவர் தங்கை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கண்ணாடியம்மா, "முடிஞ்சுதுங்க! நெஜமாவே முடிஞ்சுது!" என்று கத்தினாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அது சந்தோஷ மூச்சுதான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவர் மூச்சில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்போது நாத்தனார் போன் செய்தாள். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. "அண்ணி, அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு. விடியக்காலம் மூச்சு நின்னுடுச்சு. பக்கத்து வீட்டுக்காரங்கள எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன், அறையில அண்ணனும் இல்ல, கட்டிலும் இல்ல அண்ணி." அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "நேத்து அறையக் கூட்டறதுக்காக, கட்டில எங்கண்ணா தள்ளிப் போடட்டும்னு கேட்டேன். ஒரு நாளும் இல்லாம முழுசாப் பேசினாரு. நம்ம வீட்டு ஹால்ல, சுவிட்சுக்குப் பக்கத்துல போடு, அவ எந்திரிச்சு வந்து ஃபேன் போட வேண்டாம்னாரு."

கண்ணாடியம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். ஒரு முக்காலிகூட நுழையாத அந்த ஹாலில், சுவிட்சுக்குப் பக்கத்தில் இரும்புக் கட்டில் நின்றது. மற்றக் கட்டில்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, குடும்பத்தில் மூத்தவர் வந்தால் ஒதுங்குவது போல இடம் விட்டிருந்தன. மேலே அவள் கொடுத்தனுப்பிய அதே கம்பளி. அதன் கீழே ஆள் இல்லை, ஆளின் பள்ளம் மட்டும் இருந்தது, ஒருபக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடக்கிய பள்ளம். கம்பளி ஏறி ஏறி இறங்கியது. அவள் குனிந்து காதை வைத்துக் கேட்டாள். இழுப்பு இல்லை. கல்யாணமான புதிதில் மில்லிலிருந்து வந்து அடித்துப் போட்டாற்போல் தூங்குவாரே, அந்த மூச்சு. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு மாதம் முன்னால் இந்தக் காண்ட்ராக்டர் வந்திருக்கக்கூடாதா என்று அழுதாள், அன்றைக்கு அவர் போ என்றதும் போனேனே என்று அழுதாள், ஆனால் அவர் விழித்துக்கொண்டுவிடுவாரோ என்று ஒரு சத்தமும் வெளியே விடவில்லை. பிறகு கட்டிலின் ஓரத்தில் படுத்தாள். அது அவளை இறக்கிவிடவில்லை.

வியாழக்கிழமை காண்ட்ராக்டர் காரோடு வந்து ஹாரன் அடித்தார். யாரும் வராததால் புரோக்கரோடு முதல்முறையாக வீட்டுக்குள் வந்தார். கண்ணாடியம்மா உதட்டில் விரலை வைத்தாள். அவர் நின்று கம்பளியைப் பார்த்தார், மூச்சைக் கேட்டார். வியாபாரி, நேரத்தின் மதிப்பு தெரிந்தவர். ஆனால் தூங்குகிறவரை எழுப்பிக் கையெழுத்து வாங்கும் அளவுக்கு அவர் இன்னும் போகவில்லை. "எப்ப எந்திரிப்பாரு?" என்று அடிக்குரலில் கேட்டார். "தெரியலீங்க. ரொம்ப வருஷமா தூக்கமே இல்ல அவருக்கு," என்றாள். "சரிம்மா, தூங்கட்டும். எந்திரிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று புரோக்கரையும் கூட்டிக்கொண்டு கால் விரல்களால் நடந்து வெளியே போனார்.

காண்ட்ராக்டர் இன்னும் காத்திருக்கிறார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கண்ணாடியம்மா தினமும் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள், வந்து தொட்டிலை ஆட்டிவிட்டு அவர் பக்கத்தில் படுக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டரிடமிருந்து போன் வருகிறது, எழுந்துவிட்டாரா என்று. "இன்னும் இல்லீங்க," என்கிறாள் அவள் அடிக்குரலில், கையால் வாயை மறைத்துக்கொண்டு.