சர்வேயர் வீட்டுப் பானெட்

சர்வேயர் வீட்டுக் காரில், இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் இறுகிப்போன அன்றே அவருடைய மனைவிக்கு வியர்ப்பதும் நின்றுபோயிற்று. முதல் சில நாட்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காலத்தில் வியர்க்காமல் இருப்பது சௌகரியம் என்றுகூட அந்த அம்மாள் சொன்னாள். பிறகு அவள் கொடிப் பக்கம் நடந்து போனாலே ஈரத்துணி காயத் தொடங்கியது. சட்டைகளை உள்ளங்கையால் நீவியே மடிப்பு எடுத்தாள். இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போயிற்று. குடிக்க எடுத்த தண்ணீர் வாய்க்குப் போவதற்குள் தம்ளரிலேயே கொதித்தது. டாக்டர் வந்து பார்த்தார். கொண்டுவந்த தெர்மாமீட்டர் அவள் நாக்கின் அடியில் உடைந்தது. "வெளியே போக வேண்டிய சூடு உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. இதுக்கு என்கிட்ட மருந்து இல்லைங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

காரும் அவளும் சேர்ந்து சூடாவதைக் கண்டுபிடித்தவர் சர்வேயர்தான். வண்டி ஷெட்டில் சும்மா நின்றது, சாவி அவர் இடுப்பில் இருந்தது, ஆனாலும் டாஷ்போர்டில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நாளுக்கு நாள் ஏறியது. அவள் அடுப்படியில் நின்றால் கொஞ்சம் வேகமாக ஏறும். படுத்துக்கொண்டால் நின்ற இடத்தில் நிற்கும். இறங்குவது மட்டும் இல்லை. முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே வந்தபோது அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. சிவப்பைத் தொட்டால் இஞ்சினுக்கு என்ன ஆகும் என்று சர்வேயருக்குத் தெரியும். அதற்கு மேல் யோசிக்க அவர் மறுத்தார்.

அந்தக் குடும்பத்தில் காரின் பானெட்டைத் தெருவில் திறந்தது கிடையாது. வண்டியை வாங்கிய அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஒருமுறை நாற்சந்தியில் வண்டி நின்றுபோனபோது, குடும்பம் மொத்தமும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, யாருக்கோ காத்திருப்பவர்கள் மாதிரி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு வைத்த பிறகுதான் தள்ளிக்கொண்டு வந்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் எட்டிப்பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்ல, அது என்ன சந்தையில் விரித்த சாமானா? ஒரு வீடு தலைநிமிர்ந்து நிற்பது இப்படிப்பட்ட காரியங்களால்தான். மகன் அப்பாவையும் மிஞ்சினார். ஷெட்டின் தரையை உள்பக்கம் சரிவாகத் தாமே மட்டம் பார்த்துப் போட்டார், காரின் மூக்கு தெருக்கண்ணுக்குத் தாழ்வாக இருக்கட்டும் என்று. கதவில் ஓட்டை போட்டுச் சைலன்ஸர் குழாயை அதன் வழியே வெளியே நீட்டிக்கொள்ள ஏற்பாடு செய்தார். சாத்திய கதவுக்குள் என்ன நடந்தாலும் தெரு பார்த்தது புகையை மட்டுமே.

அவருடைய மச்சினன் நல்ல மெக்கானிக். வாயும் அதே அளவுக்கு நல்ல வாய். அந்த வாய்க்காகவே அவனை ஷெட்டுக்குள் விட்டதில்லை. இப்போது அவளே கேட்டாள்.

"என்னங்க, தம்பியைக் கூப்பிடுங்க. இல்லேன்னா நான் இப்படியே வெந்து போயிடுவேன்."

வெயில் சாய்வது எப்போது என்று கேட்கும் குரலில்தான் அவள் அதைச் சொன்னாள். சர்வேயர் ஆள் அனுப்பினார். பின்வாசல் வழியாக வரச்சொல்லி, ஸ்பேனர்களைப் படுக்கை விரிப்பில் சுற்றி எடுத்துவரச் சொன்னார்.

"என்ன மாமா, வண்டி பார்க்கக் கூப்பிட்டீங்களா, கன்னம் வைக்கக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் வந்தான். அக்காவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கதவுகளைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். ரேடியேட்டரில் இருந்த குளிர்விக்கும் கூலன்ட் துருநிறத்தில் வடிந்தது. மேல் ஹோஸைக் கழற்றியதும், இஞ்சின் தலைமாட்டில் தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் அலுமினிய ஹவுசிங் தெரிந்தது. விளிம்பெல்லாம் அரித்து, நகம் பட்டால் உதிர்ந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் ஒன்று மரியாதையாக வந்தது. மற்றது பாதியில் முறிந்தது. அதே நொடியில் உள்ளே அவள் கழுத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு முனகியது ஷெட்டுக்குக் கேட்டது. மச்சினன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முறிந்த துண்டைத் துளைபோட்டு எடுத்தான். அது வெளியே வரும்வரை அவள் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வெந்நீர் வேண்டும். அடுப்பு தேவைப்படவில்லை; பாத்திரத்தை அவள் மடியில் வைத்தார்கள். கொதித்த தண்ணீரில் பழையது உள்ளங்கையளவுக் கல் மாதிரி கிடந்தது. மச்சினன் வாங்கி வந்திருந்த புதியதை நூலில் கட்டி இறக்கினார்கள். அதன் நடுவிலிருந்த வால்வு தூக்கம் கலைகிற கண் மாதிரி மெல்லத் திறந்தது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

"பார்த்தியாக்கா, புதுப்பொண்ணு எவ்வளவு நல்லா வாயைத் திறக்குது."

"முதல்ல கொண்டுபோய் மாட்டுடா. கதை அப்புறம் சொல்லு."

ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையைச் சுரண்டி, ஸ்பிரிங் பக்கம் இஞ்சினைப் பார்க்கத் தெர்மோஸ்டாட்டை உட்கார வைத்து, புது ஹவுசிங்கை மூடி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினான். கூலன்ட் ஊற்றி இஞ்சினை ஓட்டினார்கள். முள் ஒருதரம் ஏறி, வால்வு திறந்ததும் இறங்க வேண்டும். ஏறியது. ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பின் விளிம்பில் மூக்கை வைத்தது. வீட்டுக்குள்ளிருந்து துணி கருகும் வாசனை வந்தது. மச்சினன் பாய்ந்து இஞ்சினை நிறுத்தினான். முள் இறங்கவில்லை.

"உள்ளே காத்து மாட்டிக்கிச்சு மாமா. வாலு மேலேயும் மூக்கு கீழேயும் நின்னா, காத்து பின்னாடி போய் உக்காந்துக்கும், ரேடியேட்டர் மூடி வழியா எப்படி வெளியே வரும்? இந்தத் தரையை எவன் போட்டான்?"

"நான் போட்டேன்."

மச்சினன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"வெளியே எடுத்து, பின்பக்கமா உள்ளே இறக்கணும். மூக்கு வாசல்ல தூக்கி நிக்கணும். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைக் கழட்டிட்டு ஓட்டணும்."

"கதவு?"

"உங்க ஓட்டை கதவுலதானே இருக்கு. திருப்பி நிறுத்திட்டுக் கதவைச் சாத்துனா புகை எங்கே போகும்? அக்காவுக்கு முன்னாடி நாம போயிடுவோம்."

வேலை விட்டு ஜனம் வீடு திரும்பும் நேரம். தெருவில் செருப்புச் சத்தம் ஓயாமல் கேட்டது. "இருட்டட்டும்" என்றார் சர்வேயர். மச்சினன் முள்ளைக் காட்டினான். அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவள் படுத்திருந்த விரிப்பு அவள் உருவத்துக்குப் பழுப்பேறியிருந்தது. பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"இருட்டட்டுங்க" என்றாள், உதடு அதிகம் அசையாமல். "உங்க அப்பா காலத்துலேர்ந்து காப்பாத்தினது. அதுவரைக்கும் நான் தாங்கிப்பேன்."

சர்வேயர் அவளைத் தொடப் போனார், தொட முடியவில்லை. அலமாரியிலிருந்து சலவைச் சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டார். ஷெட்டுக்கு வந்து இரண்டு கதவுகளையும் தம் கையாலேயே விரியத் திறந்தார்.

வண்டியைத் திருப்பி நிறுத்தினார்கள். மூக்கு வாசலில் தூக்கி நின்றது. பானெட் தெருவைப் பார்த்துத் திறந்துகொண்டது. சர்வேயர் அதன் பக்கத்தில் அளவுகோல் நட்டது மாதிரி நின்றார். எதிர்வீட்டுத் தையல்காரர்தான் முதலில் வந்தார். பின்னால் நாலைந்து பேர். ஒருவர் பெட்ரோலில் கலப்படம் என்றார். இன்னொருவர் விற்றுவிடுவது நல்லது என்றார்.

"என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்றார் தையல்காரர்.

அந்த ஒரு கேள்வி காதில் விழாமல் இருக்கத்தான் அவர் தரையைச் சரித்தார், கதவில் ஓட்டை போட்டார். மச்சினன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

"ஆமா" என்றார் சர்வேயர். "தெர்மோஸ்டாட். புதுசு போட்டிருக்கோம். கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க."

மூடியைக் கழற்றி இஞ்சினை ஓட்டியதும் ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழி வந்து உடைந்தது. உள்ளே அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். இன்னொரு குமிழி, இன்னொரு மூச்சு. கூலன்ட் மட்டம் இறங்க இறங்க மச்சினன் ஊற்றிக்கொண்டே இருந்தான். முள் சிவப்பின் விளிம்பில் நடுங்கிக்கொண்டு நின்றது. கடைசியாகப் பெரிய குமிழி ஒன்று ஏப்பம் மாதிரி வந்தது. மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்த மச்சினன் கையை உதறினான். "சூடு வந்திடுச்சு. திறந்துக்கிச்சு மாமா." முள் இறங்கத் தொடங்கியது.

அவள் நெற்றியில் ஒரு துளி அரும்பியது. அதன்பின் அத்தனை நாளும் வராமல் நின்ற வியர்வை மொத்தமாக வந்தது. படுக்கையறை நிலைப்படியைத் தாண்டி, கூடத்தை நனைத்து, வாசல் படிகளில் இறங்கித் தெருவில் ஓடியது. கூடியிருந்தவர்கள் கால்சட்டையை மடித்துக்கொண்டார்கள். தையல்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அது கடந்து போகும்வரை நின்றார். பிறகு தெர்மோஸ்டாட் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் பல வருஷம் அந்த வண்டி ஓடியது. ஹவுசிங் போல்ட்டுகள் அவ்வப்போது தளரும். தளர்ந்த நாட்களில் காலையில் சர்வேயர் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பேனரைப் போடுவார்.

"போதுமா?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"இன்னும் அரைச் சுத்து" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவர் அரைச் சுற்று இறுக்குவார்.